3,850 ரூபாய்க்கு மூன்று இரும்புத் துண்டுகள்: பழைய கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலை அந்த விற்பனையாளர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழைய சைக்கிள்களுக்கான கருவிகளையும் உதிரிபாகங்களையும் இணையத்தில் விற்கும் ஒரு கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது பெரியப்பாவின் சைக்கிள். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று 1974-இல் புதுச்சேரிக்குத் திரும்பியபோது கொண்டுவந்த பெஜோ என்ற பிரெஞ்சு சைக்கிள். பின்சக்கரத்தில், செயின் இருக்கும் பக்கம் இரண்டு கம்பிகள் அறுந்துவிட்டன. புதுக் கம்பி நுழைய வேண்டிய துளைகளைப் பல்சக்கரங்கள் மறைத்துக்கொண்டிருப்பதால் அவற்றைக் கழற்றியே ஆக வேண்டும். இப்போதைய கியர் சைக்கிள்களில் இருக்கும், செருகி ஒரு வளையத்தால் இறுக்கும் பல்சக்கரத் தொகுதியான கேசட் அல்ல இது. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் மரையில் திருகி ஏற்றும் ஃப்ரீவீல். மிதிக்க மிதிக்க இறுகும். ஐம்பது வருடமாக இறுகிக்கொண்டே இருந்திருக்கிறது. தெருமுனைக் கடையில் கொடுத்தால் உளியையும் சுத்தியலையும்தான் எடுப்பார்கள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஃப்ரீவீலைக் கழற்றும் கருவிக்காக அந்த இணையக் கடையில் ஒழுங்காகவே விசாரித்தேன். ஃப்ரீவீலில் 'ஆட்டம்' (Atom) என்று அதன் பிராண்டின் பெயர் பொறித்திருக்கிறது. கருவி நுழையும் வாயின் உள்ளே எண்ணிப் பார்த்தால் 20 பற்கள். படம் எடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு படமும் எடுத்து அனுப்பினேன். நான்கே நிமிடத்தில் பதில் வந்தது: "சார், இது எங்களுக்குத் தெரியாதா? எங்கள் அப்பா ராலே சைக்கிள் வைத்திருந்தார். பழசின் அருமை தெரிந்தவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வருவோம். மூன்று கருவி கொண்ட செட் இருக்கிறது, எல்லாப் பழைய சைக்கிளுக்கும் பொருந்தும்."

அந்த ராலேயில்தான் நான் விழுந்தேன். தளத்தில் விலை 4,600 ரூபாய், நேரடியாக அனுப்பினால் 3,850 என்றார். அனுப்பிவிட்டேன். தளத்தின் வழியாக வாங்கியிருந்தால் புகார் கொடுக்கவாவது ஓர் இடம் இருந்திருக்கும். 750 ரூபாய் மிச்சப்படுத்தப் போய் 3,850 ரூபாயைத் தொலைத்தேன்.

வந்த பெட்டியில் ஒன்று ஷிமானோ என்ற ஜப்பானிய பிராண்டின் ஃப்ரீவீலுக்கான 12 பல் கருவி, ஒன்று இரண்டு கொம்புள்ளது, மற்றொன்று கேசட் வளையத்துக்கானது. இருபது பல் எதிலும் இல்லை! ஷிமானோ கருவி ஏறத்தாழ 23 மி.மீ.; என் ஃப்ரீவீலின் வாய் 22 கூட இல்லை. உள்ளேயே இறங்கவில்லை.

முதல் நாள் கேட்டதற்கு, "அழுக்கு அடைத்திருக்கும் சார், மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவையுங்கள்" என்றார். ஊறவைத்தேன். மறுநாள், "கருவியின் ஓரத்தைக் கொஞ்சம் அரத்தால் தேய்த்தால் போதும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். புத்தி கெட்டுப்போய் அதையும் செய்தேன். பாதிப் பல் போன கருவி ஒரு திருகுக்கே வழுக்கியது, ஃப்ரீவீலின் உள்பற்கள் இரண்டில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "தேய்த்த பொருளை எப்படி சார் திரும்ப எடுப்பது?"

தேய்க்கச் சொன்னவரே அவர்தான்! அந்தச் செய்தியைப் படமெடுத்து அவருக்கே அனுப்பினேன். "மேனேஜரிடம் பேசுகிறேன்" என்றார். மூன்று நாள் மேனேஜர் ஊரில் இல்லை. அப்புறம் நீல டிக் மட்டும் விழுந்தது. பிறகு அதுவும் இல்லை. 3,850 ரூபாய்.

கருவி தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. நினைவுக்கு வருவதை மட்டும் சொல்கிறேன். 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று ஒரு ஃப்ரீவீல் கருவி கிடையாது. சன்டூர் என்ற இன்னொரு ஜப்பானிய பிராண்டின் பழைய ஃப்ரீவீலில் கருவியின் கொம்பு உட்காரும் இரண்டு வெட்டு, பிறகு வந்த சன்டூரில் நான்கு, ஷிமானோவில் 12 பல், ஆட்டத்தில் 20. எண்ணிவிட்டு வாங்குங்கள். பல் சரியாக இருந்தாலும் கருவியின் சுவர் தடிமனாக இருந்தால் அச்சின் நட்டைத் தாண்டி இறங்காது, அதையும் கேளுங்கள். கொம்புக் கருவியை அச்சு நட்டால் இறுக்கிப் பிடிக்காமல் திருகாதீர்கள். ஃப்ரீவீல் அசைந்தவுடன் நட்டைத் தளர்த்துங்கள். சக்கரத்தைக் கம்பி அறுத்துப் பிரிக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே ஃப்ரீவீலைக் கழற்றிவிடுங்கள், அப்புறம் பிடிக்க எதுவும் இருக்காது. யாராவது அரம் எடுக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

சக்கரம் திண்ணையில் கிடக்கிறது. நாளைக்கு லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் எடுத்துப்போகிறேன். அளவு எடுத்துப் பார்த்த பிறகுதான் விலை சொல்வேன் என்று போனில் சொன்னார். இவரையாவது நம்பலாம் என்று தோன்றுகிறது.