ட்ரையம்ஃப் டிஆர்6: வீட்டில் பிரித்துப் பூட்டி, மூன்று ஆண்டு ஓட்டிய பிறகு

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளைக் கையில் எடுக்கும் பலரும் முதலில் தேடுவது வண்ணமும் குரோம் பூச்சும்தான். மூன்று ஆண்டு ஓட்டத்தில் தெரிந்தது வேறு: வண்டியைக் காப்பாற்றுவது எண்ணெய் போகும் பாதை. வண்ணத்தை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். எண்ணெய்ப் பாதையைச் சுத்தம் செய்யாமல் பூட்டிய இன்ஜினை மறுபடி முழுக்கப் பிரித்தாக வேண்டும்.

வண்டி 1960களின் பிற்பகுதி டிஆர்6 ட்ரோபி, 649 சிசி. ட்ரையம்ஃபின் இன்னொரு வண்டியான போனவில்லின் அதே இன்ஜின்தான், ஆனால் ஒரே கார்புரேட்டர். இரண்டு கார்புரேட்டரை ஒத்துப்போக வைக்கும் வேலை இதில் இல்லை. முதல் வண்டிக்கு இதைத்தான் சொல்வேன்.

ஸ்பானர் வாங்காமல் ஒரு நட்டையும் தொடாதீர்கள். விட்வர்த் என்பது பழைய பிரிட்டிஷ் மரை அளவு. அந்த ஸ்பானரில் இருக்கும் எண் நட்டின் அகலம் அல்ல, போல்ட் தண்டின் அளவு. கால் அங்குல விட்வர்த் நட்டின் அகலம் சுமார் 13.3 மில்லிமீட்டர். 13 ஸ்பானர் உள்ளே போகாது, 14 வழுக்கி மூலைகளைத் தின்றுவிடும். இந்தக் கால வண்டிகளில் பழைய மரைகளோடு யுஎன்எஃப் என்ற அமெரிக்க அங்குல மரையும் கலந்து வரும். அதனால் கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தின் பெயர் எழுதிய தனிப் பையில் போடுங்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட்டை அலுமினியத்தில் முறுக்கினால் மரை மொத்தமாகப் போய்விடும்.

சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் இன்ஜினை மட்டும் உள்ளே வைத்துப் பிரிக்கலாம், மேசை போதும். நடைபாதையில் உதிரிகளைப் பரப்ப முடியாது, 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீப்பற்றும் பொருள் அங்கே இருக்கவே கூடாது. டேங்கில் பெட்ரோல் ஒரு சொட்டும் இல்லாமல் வடித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். வண்டியின் சட்டத்தை (ஃப்ரேம்) மணல் வீச்சுக்கும் பவுடர் பூச்சுக்கும் பட்டறையில் கொடுக்கும் முன், ஸ்டீயரிங் கழுத்தின் இடப்பக்கம் இருக்கும் சட்ட எண்ணை டேப் ஒட்டி மூடுங்கள். பதிவின்போது அதிகாரி படிப்பது அந்த எண்ணைத்தான். அது மங்கினால் விளக்கம் சொல்லியே களைத்துப் போவீர்கள்.

இனி முக்கியமான இடம். இந்த இன்ஜினில் காகித ஃபில்டர் கிடையாது, கம்பி வலை மட்டும்தான். வலையைத் தாண்டும் தூசு பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் நடுவிலுள்ள ஒரு குழாயில் சேர்கிறது. சுழற்சி கனமான அழுக்கை வெளிப்புறமாக ஒதுக்கிவிடுகிறது. ஸ்லட்ஜ் டிராப் என்பது இதைத்தான். பல ஆண்டு திறக்காத குழாயில் இருப்பது எண்ணெய் அல்ல, கருஞ்சாம்பல் களிமண். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். குழாய் நிரம்பினால் பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் பிக் எண்ட் பேரிங்குக்கு எண்ணெய் போகாது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

கிராங்கிலுள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலின் போல்ட்டுகளில் ஒன்று இந்தக் குழாயைப் பூட்டி வைத்திருக்கிறது. அதை எடுக்காமல் குழாயை இழுத்தால் கிழிந்துவிடும். முனையில் இருக்கும் மரை மூடியைப் பஞ்ச் குத்தி இறுக்கியிருப்பார்கள். அந்தக் குத்தைத் துளைத்து எடுத்து, சூடேற்றி, இம்பேக்ட் டிரைவரால் தட்டினால் அசையும். மண்ணெண்ணெயில் கழுவிய பின் ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். திரும்பப் பூட்டும்போது குழாயின் துளை போல்ட்டுக்கு நேராக நிற்க வேண்டும். போல்ட்டுக்கு லாக்டைட் (மரைப் பசை) தடவி 33 பவுண்டு-அடி இறுக்கம்.

அடுத்தது எண்ணெய் பம்ப். இரண்டு பிளஞ்சர் (மேலும் கீழும் போகும் தண்டு), ஒவ்வொன்றின் கீழும் ஒரு எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும். குண்டு சரியாக உட்காராவிட்டால், நிறுத்தி வைத்த வண்டியில் எண்ணெய் டேங்கில் இருப்பது மெதுவாகக் கீழே இறங்கி கிராங்க் அறையை நிரப்பும். பிறகு கிக் அடித்தால் வெண்புகை, எங்கும் எண்ணெய். குண்டை அதன் இருக்கையில் வைத்துப் பித்தளைக் கம்பியால் ஒரே ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் போதும். எண்ணெய்க் குழாயில் அடைப்பான் வைப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். ஒரு நாள் திறக்க மறந்தால் இன்ஜின் முடிந்தது. இன்ஜின் ஓடும்போது எண்ணெய் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள்: திரும்பும் குழாய் விட்டுவிட்டுத் துப்ப வேண்டும். திருப்பும் பிளஞ்சர் பெரியது என்பதால் எண்ணெயோடு காற்றும் வரும், அதுதான் சரி.

சிலிண்டர் வார்ப்பிரும்பு. உட்சுவரை ஹோன் செய்தபின் (கல்லால் தேய்த்தபின்) வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்த கையோடு எண்ணெய் பூசுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் சுவர் பழுப்பேறிவிடும்.

வால்வைத் தள்ளும் தண்டு செல்லும் புஷ்ராட் குழாயின் சீல்தான் எண்ணெய் ஒழுகும் இடம். ஹெட்டை கேஸ்கெட்டோடு இறுக்காமல் வைத்து, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே நிற்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளந்து பாருங்கள். சீல் 0.030 முதல் 0.040 அங்குலம் வரை நசுங்க வேண்டும். குறைந்தால் ஒழுகும், கூடினால் ஹெட் சரியாக உட்காராமல் கேஸ்கெட் ஊதும். பழைய செப்பு கேஸ்கெட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.002, எக்ஸாஸ்ட் 0.004 அங்குலம். தீப்பொறிக்கான பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம்.

மின்சாரத்தில் ஒன்றுதான்: இது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு சேரும். சிவப்பு ஒயர் சட்டத்துக்குப் போகிறது. பழக்கதோஷத்தில் பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் பேட்டரிக்கு நேர்மின்சாரம் தரும் ரெக்டிஃபையர் எரியும்.

இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 எண்ணெய், கியர்பாக்ஸுக்கு 500 மில்லி இபி90 கியர் எண்ணெய். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தினால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். வண்டி பற்றினாலும் த்ராட்டிலை விட்டதும் அணைந்துபோனால், மெதுவான ஓட்டத்துக்கு (ஐட்ல்) பெட்ரோல் தரும் பைலட் துளை அடைத்திருக்கிறது. அதைத் திறக்க 0.016 அங்குல டிரில்லை விரலால் சுழற்றினால் போதும். காலையில் முதல் கிக்குக்கு முன் சாவியைப் போடாமல் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை மிதியுங்கள். ஒட்டியிருக்கும் பிளேட்டுகள் விட்டுவிடும், முதல் கியர் சத்தமில்லாமல் விழும்.