தில்லைநகரில் நான் விட்ட உதை

பதினோரு நாள் ஊரில் இருந்துவிட்டு வந்தேன். யாராவது பயணம் எப்படி என்று கேட்டால், திருச்சி தில்லைநகரில் ஒரு பையனின் தாடையில் நான் விட்ட உதைதான் முதலில் வாயில் வருகிறது.

எல்லாம் ஸ்ரீரங்கத்தால் வந்தது. ஏழு பிராகாரம், 156 ஏக்கர், பங்குனி வெயில், வெறுங்கால். சின்ன வயதில் அதே கல்லில் ஓடிப் பிடித்து விளையாடிய கால்தான். பத்தொன்பது வருஷ சிங்கப்பூர் வாசத்தில் பூனைப் பாதமாகிவிட்டது. தாயார் சந்நிதி போய்த் திரும்புவதற்குள் குதிகால் விண் விண் என்று தெறித்தது. "தாத்தாவுக்கு நீ மிதிச்சு விடுவே. உனக்கு மிதிக்க யாருடா இருக்கா?" என்றாள் அம்மா. தங்கை பிள்ளைகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தங்கை வீட்டுக்காரர்தான், பாதத்தை அமுக்கிப் பிடித்துவிடுகிற அந்த ரிஃப்ளெக்ஸாலஜி கடையைச் சொன்னார்.

நாற்பது நிமிஷம் 900 ரூபாய். மனசுக்குள் சிங்கப்பூர் வெள்ளியாக, அதாவது டாலராக, மாற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இந்தப் புத்தி மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

எனக்கு உள்ளங்காலில் கூச்சம் அதிகம். சிங்கப்பூரில் இது ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் நான் வழக்கமாகப் போகிற சீன அங்கிள் குட்டை முக்காலியில் உட்காருவார், கண் டிவியில் இருக்கும், மடக்கிய விரல் மூட்டு மட்டும் என் பாதத்தைத் தோண்டும். உயிர் போகிற மாதிரி வலிக்கும். வலிக்கிற இடத்தில் கூச்சத்துக்கு எங்கே இடம்?

இங்கே வாசலிலேயே ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, பிறந்தநாள், கல்யாண நாள், எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? கல்யாண நாள் எதற்கு என்று இன்று வரை புரியவில்லை. கால் கூசுமா என்று ஒரு வரி இல்லை.

பையனுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு இருக்கும். "கால் வைங்க சார், தண்ணி சூடா இருக்கா சார், சாஞ்சுக்கங்க சார்." வெந்நீரில் உப்பு, எலுமிச்சை வில்லை எல்லாம் போட்டுக் கழுவி, பூத்துவாலையால் ஒற்றினான். அதுவரை சொர்க்கம். பிறகு எண்ணெயைத் தொட்டு, சூடான சிம்னியைத் தொடுகிற மாதிரி விரல் நுனியால் மட்டும் தடவ ஆரம்பித்தான். பாதத்தின் நடுக்குழியில் நாலு எறும்பு ஊர்கிறது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, கொஞ்சம் அழுத்திப் பிடிப்பா."

"சரி சார்" என்றான். இன்னும் மெதுவானான்.

மூன்றாவது தடவலில் கால் என்னைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. தாடையில் ஒரு உதை, எண்ணெய்க் கிண்ணம் கம்பளத்தில். உதை வாங்கியவன் என்னிடம் "சாரி சார்" என்கிறான்! இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. மேனேஜர் வந்து, "கூச்சம் இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கணும் சார்" என்றார். கம்பளத்துக்கு 300 ரூபாய் தனியாகப் பில்லில் ஏறியது.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஓர் அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நகருடா" என்று பையனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துப் பவுடர் போட்டார். இரண்டு கையாலும் கணுக்காலைக் கவ்விப் பிடித்து, ஒன்றுமே செய்யாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "பயப்படாதீங்க தம்பி. சொல்லாம கையை எடுக்க மாட்டேன்."

கெண்டைக்காலில் ஆரம்பித்துக் கீழே இறங்கினார். குதிகாலுக்கு மூடிய முஷ்டி. பிறகு பாதத்தின் வெளி ஓரம். பிறகு விரல் விரலாகச் சொடக்கு. நடுக்குழியைக் கடைசிக்கு வைத்திருந்தார். அங்கேயும் முதலில் முழு உள்ளங்கை, அப்புறம்தான் கட்டைவிரல். அதுவும் கம்பளிப்புழு மாதிரி மடங்கி மடங்கி, தோலை விட்டு எழும்பாமல். "எடுத்து எடுத்து வச்சா கூசும்டா. ஒட்டினபடியே நகரணும்." பாடம் பையனுக்கு, கால் என்னுடையது.

அப்படியும் ஓரிடத்தில் துள்ளியது. "உங்க கையை என் கை மேல வைங்க" என்றார். தொப்பையை மடக்கிக் குனிந்து வைத்தேன். கூச்சம் பாதியாகிவிட்டது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாது என்பது தெரிந்ததுதான். 1990களின் கடைசியில் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இதை மூளை ஸ்கேனில் பார்த்தார்கள். நம் கை எங்கே தொடப்போகிறது என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவதால் அந்தத் தொடுகை மழுங்கிப்போகிறது. அக்காவின் கைக்கு மேல் என் கை இருந்தபோது என் சிறுமூளையும் ஏமாந்திருக்க வேண்டும். அதற்கும் அடங்காதவர்களுக்குத் துண்டை மேலே போட்டு அழுத்துவாராம், இல்லையென்றால் காலை விட்டுவிட்டு உள்ளங்கையில் பிடிப்பாராம்.

சுவரில் பாதப் படம் தொங்கியது. பாதத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் உடம்பில் ஓர் உறுப்பு: விரல் நுனி தலை, நடுக்குழி வயிறு. அமெரிக்காவில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற டாக்டர் 1910களில் உடம்பைப் பத்து மண்டலமாகக் கோடு போட, 1930களில் யூனிஸ் இங்ஹாம் அதைப் பாதத்தில் இறக்கிய கதை. இப்படிப் பாதத்தை அமுக்குவது நோயைக் குணமாக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, நான் போவதும் அதற்கில்லை. இது கல்லீரலா அக்கா என்று ஓரிடத்தைக் காட்டிக் கேட்டேன். "படத்துல போட்டிருக்கான். எனக்குத் தெரிஞ்சது காலுதான்."

இந்தப் பையன் ஏன் இப்படித் தடவுகிறான் என்று கேட்டதற்கு, "பெரியவங்க காலை அமுக்கிப் பிடிக்க அவனுக்குக் கூச்சம். அது விரல் வழியா உங்களுக்கு வந்துடுச்சு" என்றார். அட. காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வளர்க்கப்பட்ட பிள்ளை. சார் சார் என்று அவன் சொல்லச் சொல்லக் கை இளகிக்கொண்டே போனதன் கணக்கு அப்போதுதான் புரிந்தது. சீன அங்கிளுக்கு என்மேல் ஒரு பொட்டு மரியாதை கிடையாது, பரோட்டா மாவு மாதிரிதான் பிசைவார். அங்கே இத்தனை வருஷம் அதை அலட்சியம் என்று நினைத்திருந்தேன்.

இடது காலைப் பையனிடமே கொடுத்தார். "சார்னு கூப்பிடாதே, அண்ணேன்னு கூப்பிட்டுப் பிடி." அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "அண்ணே" என்றான். பிடி கொஞ்சம் இறுகத்தான் செய்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி போனேன். அக்காவுக்கு லீவு. திரும்பிவிடலாமா என்று படியில் யோசித்துக்கொண்டிருந்தபோதே, "வாங்கண்ணே" என்று பையன் கதவைத் திறந்தான். நீலத் துண்டும் பவுடர் டப்பாவும் தயாராக எடுத்து வைத்து, கணுக்காலை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டான். முகத்தை மட்டும் ஒரு முழம் தள்ளியே வைத்திருந்தான்.