எம்ஜிபி ரோட்ஸ்டர்ல நடுங்குற மிரர்: ரப்பரா, வெயிட்டா, விண்ட்ஸ்கிரீன்ல ஒட்டுறதா?

எம்ஜிபி ரோட்ஸ்டர்னா கூரை இல்லாத ரெண்டு சீட்டு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதுல குரோம் பம்பர் மாடல் ஓட்டுறவங்களுக்கு இது தெரிஞ்ச சங்கதிதான், மூவாயிரம் ஆர்பிஎம்ம நெருங்கினதும் உள் மிரர்ல பின்னாடி வர்ற ஒரு கார் ரெண்டா தெரிய ஆரம்பிக்கும், அது போலீஸ் வண்டியா பால் வண்டியான்னு கூட சொல்ல முடியாது. இதுக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்றாங்க. எது எதுக்கு வேலை செய்யும்னு இங்க பாத்துருவோம்.

முதல்ல, இந்த கார்ல மட்டும் ஏன் இவ்ளோ மோசம்? கூரை இல்லையே, மிரர எங்க மாட்டுறது? விண்ட்ஸ்கிரீன் ஃப்ரேமோட மேல் நடுவுலேர்ந்து கீழ டேஷ்போர்டு வரைக்கும் ஒரு மெல்லிசான ராட் வருது பாருங்க, அதுலதான் மிரர ஒரு சின்ன கிளாம்ப் போட்டு பிடிச்சிருப்பாங்க. அந்த ராடோட நிஜ வேலை ஃப்ரேம இழுத்துப் பிடிக்கிறது, மிரர் அங்க வாடகைக்கு குடியிருக்குற ஆள் மாதிரி. 1965ல வந்த ஜிடி மாடல்ல கூரை இருக்கு, ராடே கிடையாது, அதனால ஜிடிக்காரங்க இந்த தலைவலிய இந்த அளவுக்கு படுறதில்ல.

இன்னொரு விஷயத்தையும் புரிஞ்சுக்கணும். மிரர் முன்னும் பின்னும் ஆடினா படம் பெருசா கலங்காது, சாய்ஞ்சு ஆடினாதான் வம்பு. மிரர் எவ்ளோ சாயுதோ அதுல ரெண்டு மடங்கு படம் நகரும். கால் டிகிரி சாய்ஞ்சா படம் அரை டிகிரி நகரும், அதாவது 100 மீட்டர் பின்னாடி வர்ற கார் கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் மேலயும் கீழயும் குதிக்குது, பாதி காரே காணாம போற கதை. ஆக நமக்கு வேண்டியது சாய்ஞ்சு ஆடாத மிரர், அவ்ளோதான்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி குலுக்குறது யாருன்னு கண்டுபிடிங்க. நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை உதைக்கும், 800 ஆர்பிஎம் ஐடில்ல செகண்டுக்கு ஏறத்தாழ 27 உதை, 3000ல 100 உதை. வீல் அப்படி இல்ல, 100 கிலோமீட்டர் வேகத்துல செகண்டுக்கு சுமார் 14 சுத்துதான். வண்டிய நிறுத்தி வெச்சு மெதுவா ரேஸ் பண்ணி பாருங்க, அதே ஆர்பிஎம்ல மிரர் கலங்கினா எஞ்சின் பக்கம். நிக்கும்போது சுத்தமா இருந்து ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் கலங்குதுன்னா, காலி ரோட்டுல அந்த வேகத்துலயே கிளட்ச அமுக்கி எஞ்சின ஐடிலுக்கு விடுங்க, அப்பவும் ஆடினா வீல் இல்லேன்னா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸ்லேர்ந்து பின் வீலுக்கு சக்திய கொண்டு போற தண்டு. வயர் வீல் (சைக்கிள் மாதிரி கம்பி வெச்ச வீல்) போட்ட வண்டின்னா முதல் சந்தேகம் பேலன்ஸிங் மேலதான், அத ஒழுங்கா மெஷின்ல உக்கார வெச்சு பேலன்ஸ் பண்ண எல்லா டயர் கடைக்கும் வராது.

எஞ்சின் பக்கம்னா எஞ்சின தாங்குற மவுண்ட் ரப்பர பாருங்க. இந்த கார்ல இருக்குற பி சீரிஸ் எஞ்சின் எண்ணெய் ஒழுக்குறதுல கஞ்சத்தனமே காட்டாது, அந்த எண்ணெய்ல ஊறி ஊறி ரப்பர் உப்பி கொழகொழன்னு ஆயிடும். ஐடில்ல மட்டும் தடதடன்னா பெட்ரோலயும் காத்தயும் கலந்து குடுக்குற ரெண்டு எஸ்யூ கார்ப்புரேட்டரும் ஒண்ணா சேர்ந்து இழுக்குதான்னு பாக்கணும். இதெல்லாம் சரி பண்ணா மிரர் மட்டும் இல்ல, மொத்த வண்டியே நிதானமாகும், ஆனா நேரமும் காசும் கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

இப்ப மிரர் வைத்தியத்துக்கு வருவோம். ரொம்ப மலிவு ரப்பர் வைத்தியம்தான், கிளாம்புக்கும் ராடுக்கும் நடுவுல பழைய சைக்கிள் ட்யூப்ல ஒரு துண்டு வெட்டி சுத்தி ஸ்க்ரூவ டைட் பண்றது. இது வேலை செய்யும், ஆனா ஒரே ஒரு சுத்துதான், ட்யூப் மெல்லிசா இருக்கணும். நிறைய பேர் ரப்பர்தானே, கூட போட்டா நல்லதுன்னு ஃபோம் எல்லாம் திணிக்கிறாங்க, அது மிரர இன்னும் தாராளமா ஆட விடும், சாய்ஞ்சு ஆடுறதுதான் நமக்கு எதிரின்னு மேலயே சொன்னேன். அதுக்கும் முன்னாடி ராடோட மேல் முனை, கீழ் முனை ரெண்டுலயும் ஸ்க்ரூ லூசா இருக்கான்னு விரலால தட்டி பாருங்க, கடகடன்னு சத்தம் வந்தா அங்கயே பாதி வேலை முடிஞ்சுது. மிரருக்குப் பின்னாடி இருக்குற பந்து மூட்டு தேஞ்சு போயிருந்தா மட்டும் எந்த ரப்பரும் காப்பாத்தாது.

வெயிட் வைத்தியம்னா மிரர் பின்னாடி டயர் கடைல ஒட்டுற ஸ்டிக்கர் வெயிட்ட ஒட்டுறது. கேக்க புத்திசாலித்தனமா இருக்கும், கனம் ஏறினா மிரர் தானா அதிர்ற வேகம் குறையும், எஞ்சின் உதைக்குற வேகத்துலேர்ந்து விலகிடும். ஆனா கணக்கு போட்டா அவ்ளோ லாபம் இல்ல, அந்த வேகத்த பாதியாக்கணும்னா சாயுறத எதிர்க்குற கனத்த நாலு மடங்காக்கணும், நாலஞ்சு சின்ன துண்டுல அது நடக்காது. நடந்தாலும் கலக்கம் 3000லேர்ந்து 1500 ஆர்பிஎம் பக்கம் இடம் மாறும், ஊருக்குள்ள மெதுவா போகும்போது நடுங்கும். பள்ளத்துல இறங்கினா கனத்துல மிரர் மெல்ல தலை குனியவும் செய்யும். எனக்கு இது பிடிக்கல, எஞ்சின் மவுண்ட் வாங்குற வரைக்கும் ஓட்டலாம், அதுக்கு மேல வேண்டாம்.

விண்ட்ஸ்கிரீன்லயே ஒட்டுறதுதான் கடைசி வழி. கண்ணாடி நாலு பக்கமும் பிடிச்சிருக்கு, ராட் ரெண்டு முனைல மட்டும்தான், அதனால எஞ்சின் ரீங்காரம் நல்லாவே அடங்கும், மேடு பள்ளத்துல ஃப்ரேமே ஆடுறது மட்டும் மிச்சமிருக்கும். நஷ்டம் ரெண்டு. ராட் அப்படியே நிக்கும், மிரர் இல்லாம மொட்டையா தெரியும், ஒரிஜினல் லுக் முக்கியம்னா மனசு வராது. அடுத்தது, ராட்ல மிரர மேல கீழ நகத்தலாம், ஒட்டினா அது போச்சு.

என்னோட வரிசை இதுதான், ராட் முனைய டைட் பண்ணி ஒரு சுத்து ட்யூப், அதுல அடங்கலேன்னா மவுண்டும் பேலன்ஸிங்கும், அப்பவும் கலங்கினாதான் பசை. உயரமான ஆளுங்க பசைய தொடுறதுக்கு முன்னாடி சீட்டுல ஒழுங்கா உக்காந்து பாருங்க, எம்ஜிபி விண்ட்ஸ்கிரீன் தாழ்வு, மிரர் சரியா கண்ணு உயரத்துக்கு வந்து இடது பக்க வளைவ முழுசா மறைச்சிடும். கூட ஒருத்தர மிரர பிடிச்சுக்க சொல்லி, நீங்க ரோட்ட பாத்து ஓகே சொன்ன இடத்துல கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மார்க்கர்ல குறி போட்டு, உள்ள ஸ்பிரிட் போட்டு துடைச்சு மிரர மாட்டுற உலோக பட்டன மட்டும் ஒட்டுங்க, மிரர மறுநாள் மாட்டலாம்.