பட்டறையில் நாங்களே செய்த சக்கர ஏணி: நாலு வருடம் புழங்கியபின்

கோயம்புத்தூரில் எங்கள் பட்டறையில் பம்ப் ரிப்பேரும் கொஞ்சம் லேத் வேலையும் நடக்கிறது. ரேக்கின் மேல்தட்டு ஒன்பது அடி உயரத்தில் இருக்கிறது, பழைய பம்ப் பாடி, இம்பெல்லர், ஸ்டேட்டர் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அவற்றை எடுத்து வைக்க ஸ்கொயர் பைப்பை வெட்டி வெல்டு அடித்து நாங்களே செய்த ஏணி இது. தினமும் யாராவது ஏறுகிறோம், இன்றுவரை ஒரு வெல்டிங்கூட விடவில்லை.

இந்த ஏணியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஆள் மேலே நிற்கும்போது சக்கரம் தரையில் படாது. பிரேக் வைத்த காஸ்டர், அதாவது எந்தப் பக்கமும் திரும்புகிற சக்கரம், நாலு போட்டால் போதாதா என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். போதாது. சாதாரண பிரேக் சக்கரம் உருளுவதைத்தான் பிடிக்கும், காஸ்டரின் தலை திரும்புவதைப் பிடிக்காது, அதனால் ஆறடி உயரத்தில் நின்று கனமான சாமானைப் பக்கவாட்டில் இழுத்தால் ஏணி அரை அங்குலமாவது நகரும், கீழே இருப்பவருக்கு அது தெரியாது, மேலே இருப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும். ஆள் ஏறியதும் உள்ளே அமுங்குகிற ஸ்பிரிங் காஸ்டர் நல்ல சாமான்தான், ஆனால் லேத்தில் கடையும்போது விழுகிற உலோகச் சுருளும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அதை இறுக்கிவிடும் என்பதால் அதையும் விட்டுவிட்டோம்.

எங்களுடையதில் இரண்டே சக்கரம். பின்னங்காலுக்கு வெளிப்பக்கம், தரைக்கு 5 மில்லிமீட்டர் மேலே நிற்கும். முதல் படிக்குக் கீழே உள்ள கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் ஏணி பின்னால் சாய்ந்து சக்கரம் தரையில் உட்காரும், தள்ளுவண்டி மாதிரி தள்ளிக்கொண்டு போகலாம். கீழே வைத்தால் நாலு காலும் ரப்பரில் நிற்கும். எடை ஐம்பது கிலோவைத் தாண்டும், ஆனாலும் பாரம் பெரும்பாலும் சக்கரப் பக்கம் இருப்பதால் ஒருவரே நகர்த்திவிடலாம்.

சாய்வு 60 டிகிரி. சாத்தி வைக்கிற ஏணியை 75 டிகிரி அளவில் வைப்பார்கள், அதில் இரண்டு கையும் ஏணியில் இருந்தே ஆக வேண்டும். இதில் ஒரு கையில் சாமான், ஒரு கையில் கம்பி என்று ஏறலாம், இறங்கும்போது மட்டும் படியைப் பார்த்தபடி இறங்க வேண்டும். அதற்கு விலை, இடம். மேலே நின்று வேலை செய்கிற ஆறடி உயர மேடைக்குத் தரையில் ஐந்தடி நீளம் போய்விடுகிறது. சின்னப் பட்டறைக்கு இது சரிப்படாது.

அப்புறம் தேய்மானம். சக்கரம் நைலான், கரடுமுரடான சிமெண்ட் தரையில் சத்தம் போடும், ஆனால் இரும்புச் சுருள் அதில் ஏறாது. தேய்ந்ததெல்லாம் கால் ரப்பர்தான். ரப்பர் தேயத் தேய ஏணி இறங்குகிறது, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியும் குறைகிறது. ஒருநாள் மேடையில் நின்றபோது லேசாக ஒரு அசைவு தெரிந்தது, குனிந்து பார்த்தால் ஒரு பக்கச் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கழற்றிய ரப்பரின் அடியில் பித்தளைப் பிசிறுகள் ஊசி ஊசியாகக் குத்தியிருந்தன, அப்படியான ரப்பர் எண்ணெய்த் தரையில் வழுக்கவும் செய்யும். இப்போது மாதம் ஒருமுறை சக்கரத்துக்கு அடியில் ஒரு ஹேக்சா பிளேடை நுழைத்துப் பார்க்கிறோம், தாராளமாகப் போய் வந்தால் சரி, இழுத்துப் பிடித்தால் ரப்பரை மாற்றுகிறோம். படிகளுக்குப் போட்ட செக்கர்டு பிளேட்டில் (வழுக்காமலிருக்க மேடு மேடாக வரி போட்ட தகடு) நடுப்பகுதி வழவழப்பாகி வருகிறது, அதற்குச் சொரசொரப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். மற்றபடி வருடத்துக்கு ஒரு தடவை துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பெயிண்ட், அச்சுக்குக் கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான்.

புதிதாகச் செய்பவர்கள் சக்கர அச்சு மாட்டுகிற பிராக்கெட்டில் வட்டத் துளை போடாமல் மேலும் கீழுமாக நீளத் துளையாக வெட்டிவிடுங்கள். ரப்பர் தேய்ந்தால் நட்டைத் தளர்த்தி அச்சைக் கொஞ்சம் மேலே ஏற்றி மறுபடி இறுக்கிக்கொள்ளலாம், புது ரப்பர் வரும்வரை வேலை நிற்காது.