பேசக் கற்றுத்தருவதாகச் சொன்ன செயலி
இரண்டு வயது மகளுக்குப் பேச்சு விரைவில் வரும் என்ற விளம்பரத்தை நம்பிச் சந்தா கட்டிய இந்தச் செயலியில் படங்களும் உச்சரிப்பும் தெளிவாகவே உள்ளன. கோளாறு அடிப்படையிலேயே இருக்கிறது. திரையில் பந்து தோன்றி, 'பந்து' என்று குரல் ஒலித்து, அவள் 'ப... ப...' என்று வாயெடுப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடுகிறது. குழந்தையின் மழலைக்குப் பெரியவர் காத்திருந்து மறுமொழி சொல்லச் சொல்லத்தான் பேச்சு வளர்கிறது என்பதால், காத்திருக்கத் தெரியாத ஒரு கருவி அந்த இடத்தை நிரப்ப இயலாது. 2 முதல் 4 வயது வரை திரைநேரம் நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இதுவோ நாமாக அணைக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தைக் காட்டி நானே பேசிய அன்று, அவள் எழுந்துபோய்க் கட்டிலுக்கடியில் பந்தைத் தேடினாள். அதற்குப் படப்புத்தகமே போதும் (சார்ஜ் போடும் வேலையும் இல்லை). சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.