மெடிக்கேர் பார்ட் டி: மருந்துப் பாதுகாப்பை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவில் 65 வயது கடந்தவர்கள் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கேரில் சேரும்போது, மாத்திரைச் செலவுக்கென்று எடுப்பது பார்ட் டி. 2006 முதல் இருக்கிறது. நடத்துவது தனியார் இன்சூரன்ஸ் நிறுவனங்கள். திட்டம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பிரீமியத்தோடு நின்றுவிடுகிறார்கள். தப்பான மருந்து உள்ளே போகாமல் தடுப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

நன்றாக வேலை செய்வது, கவுன்டரில் நடக்கும் சோதனை. மருந்துச்சீட்டைக் கொடுத்ததும் கிளெய்ம், அதாவது மருந்துக்குப் பணம் கேட்கும் கோரிக்கை, இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கணினிக்குப் போய், சில நொடிகளில் பதில் வந்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீர்த் தொற்று என்று வேறொரு டாக்டர் சல்ஃபாமெத்தாக்சசோல்-டிரைமெத்தோப்ரிம் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதிவிட்டார் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) எகிறி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். வார்ஃபரினை வேறு கடையில் வாங்கியிருந்தால் இந்தக் கடையின் பதிவில் அது இருக்காது. இன்சூரன்ஸ் பதிவில் இருக்கும். எச்சரிக்கை வரும், சில சமயம் 88 என்ற எண்ணோடு கிளெய்மே திரும்பி வரும். பார்மசிஸ்ட் டாக்டரிடம் பேசி, டிடி, எம்0, 1ஜி என்ற குறியீடுகளைப் போட்டு மறுபடி அனுப்புவார். மருந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, டாக்டரைக் கேட்டாயிற்று, அவர் சம்மதத்தோடு கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை வலி மருந்துகளில் பிடி இன்னும் இறுக்கம். 2019 முதல், புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு தடவைக்கு 7 நாள் மருந்துக்கு மேல் போகாது. ஒரு நாளைய அளவு மார்ஃபினுக்கு இணையாக மாற்றிய கணக்கில் 90 மில்லிகிராமை எட்டினால் பார்மசிஸ்ட் டாக்டரோடு பேச வேண்டும். புற்றுநோயாளிகளுக்கு விலக்கு உண்டு. இந்த விதிகள் கட்டாயம் தேவை.

பெரிய ஓட்டை எங்கே என்றால், கிளெய்ம் வராத மருந்து கணினிக்குத் தெரியவே தெரியாது. தள்ளுபடி கூப்பனில் வாங்கியது, சீட்டில்லாமல் வாங்கிய ஆஸ்பிரின், ஊரிலிருந்து பெட்டியில் வந்தது, எதுவும் பதிவில் ஏறாது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. இந்தியாவில் விற்கும் ஈகோஸ்பிரின் ஏவி மாத்திரைக்குள் ஆஸ்பிரினும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினும் சேர்ந்தே இருக்கின்றன. இங்குள்ள டாக்டர் தனியாக அடோர்வாஸ்டாட்டின் எழுதினால் ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

ப்ரையர் ஆதரைசேஷன், அதாவது மருந்து வாங்கும் முன் நிறுவனத்திடம் அனுமதி பெறுவதுதான் பலவீனமான பகுதி. பாதுகாப்புக்காக என்கிறார்கள், பல மருந்துகளில் செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்று அனுமதி கேட்கும் மருந்துகளின் பட்டியலைப் பார்த்தாலே புரியும். திரையில் 75 என்று வந்தால் முன் அனுமதி வேண்டும் என்று பொருள். அது இறுதி மறுப்பு இல்லை, முறைப்படி நீங்களோ டாக்டரோ விண்ணப்பிக்க வேண்டும். முடிவு 72 மணி நேரத்தில் வர வேண்டும், உடல்நிலைக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னால் 24 மணி நேரத்தில். ஸ்டெப் தெரபியில், அதாவது மலிவான மருந்தை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லும் விதியில் விலக்குக் கேட்டால், டாக்டரின் விளக்கம் கையில் கிடைத்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். முன்பு போட்ட மருந்தின் பெயர், அளவு, தேதி, ஏன் நிறுத்தினார்கள் என்ற நான்கும் அந்த விளக்கத்தில் இருக்கட்டும். திட்டத்தில் புதிதாகச் சேர்ந்த முதல் 90 நாளுக்குள் என்றால், ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்துக்குத் தற்காலிகமாக ஒரு மாத சப்ளை கேளுங்கள். சட்டப்படி தர வேண்டும்.

பலர் கண்டுகொள்ளாமல் விடுவது மெடிகேஷன் தெரபி மேனேஜ்மென்ட், அதாவது எல்லா மருந்துகளையும் சேர்த்துப் பார்த்து ஆலோசனை சொல்லும் சேவை. நாள்பட்ட நோய்கள் பல, மருந்துகளும் பல, ஆண்டுச் செலவும் வரம்பைத் தாண்டுகிறது என்றால் நிறுவனமே சேர்த்துவிடும். கட்டணம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை பார்மசிஸ்ட் போனிலோ நேரிலோ எல்லா மருந்துகளையும் அலசுவார். அழைப்பு வந்தால் விளம்பரக் கால் என்று வெட்டிவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் உறுப்பினர் அட்டையில் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பேசும்போது டப்பாக்கள், ஊர் மாத்திரை அட்டைகள், சூரணம், லேகியம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துச் சொல்லுங்கள். 14 நாளுக்குள் மருந்துப் பட்டியலும் செய்ய வேண்டியவையும் எழுத்தில் வரும். அதன் ஒரு நகலைக் குடும்ப டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.