‘வெண்ணெயாட்டம்’ திரும்பிய லென்ஸ்: பழைய மேனுவல் லென்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு

கையால் திருப்பி ஃபோகஸ் வைக்கும் பழைய மேனுவல் லென்ஸ் வாங்கலாம் என்று காசைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் போங்கள். போன ஆடி மாதம் 12,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது.

கோவையில் சிறிய நகைப் பட்டறைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஜிமிக்கி, மூக்குத்தி, அட்டிகை இப்படி. இந்த வேலைக்கு ஆட்டோஃபோகஸை நம்ப முடியாது. கல் பளிச்சிடும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பட்டறைக்காரர் காட்டச் சொன்ன வேலைப்பாட்டை விட்டுவிடும். அதனால் எல்லாம் கையால்தான். இத்தனை நாளும் நிக்கான் 50 எஃப்/1.8 டி லென்ஸுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸை இன்னும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகவைக்கும் வெற்றுக் குழாய்) போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். படத்தில் குறை இல்லை, ஃபோகஸ் வைக்கத் திருப்பும் ரிங்தான் தொல்லை. அந்த ரிங்கைக் கேமராவுக்குள் இருக்கும் சின்ன மோட்டார் சுற்றியாக வேண்டும், எனவே எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று விட்டிருப்பார்கள். விரலை எடுக்கும்போதே ஃபோகஸ் கொஞ்சம் நகர்ந்துவிடும். ஜிமிக்கியில் அந்தக் ‘கொஞ்சம்’ என்பது ஒரு முத்து வரிசை.

நண்பரின் கேனான் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸையும் ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். அது வேறு சாதி. ரிங்குக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. நாம் திருப்புவதை உணர்ந்து மோட்டார் நகர்த்துகிறது. கேமராவை அணைத்துவிட்டு எத்தனை சுற்று சுற்றினாலும் ஒன்றும் அசையாது. மிரர்லெஸ் கேமராக்களின் லென்ஸ்கள் பலவற்றிலும் இதே கதைதான், கூடவே மெதுவாகத் திருப்பினால் ஒரு தூரம், வெடுக்கென்று திருப்பினால் வேறு தூரம். கைக்குப் பழக்கமே வராது.

இதற்கு நேர் எதிர்முனை ரஷ்ய ஹீலியோஸ் 44-2. பழைய கிரீஸ் இறுகிப்போன ஒன்று என்னிடம் உண்டு. ஊட்டியில் மார்கழிக் காலையில் நண்பரின் சோனி கேமராவில் அடாப்டர் வைத்து மாட்டித் திருப்பினேன். ஃபோகஸ் நகரவில்லை, லென்ஸே அடாப்டரிலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. மரை போட்டுத் திருகும் மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் இணைப்பு) இல்லையா, ரிங் இறுகினால் மரைதான் விட்டுக்கொடுக்கும்.

நல்ல ரிங் எப்படி இருக்கும் என்று என் கைக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சூப்பர் டாகுமார் 50 எஃப்/1.4. ஒற்றைக் கம்பிப் பதத்துப் பாகில் கரண்டியை விட்டுச் சுற்றினால் ஓர் இழுவை இருக்குமே, அது. தொடங்கும்போது இருக்கும் கனமே முடியும்போதும் இருக்கும். விட்ட இடத்தில் நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோனது இதைத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நகைக்கு நான் தேடியது நிக்கானின் மைக்ரோ நிக்கோர் 55 எஃப்/2.8 ஏஐ-எஸ். சென்சாரில் விழும் படம் தனியாகவே பொருளின் பாதி அளவு வரை, பிகே-13 என்ற நீட்டிப்பு வளையம் சேர்த்தால் முழு அளவு வரை வரும். ரிங் அரைச் சுற்றுக்கும் மேல் போகும் என்பதால் மயிரிழை அளவுக்கு நகர்த்தலாம். ஆனால் ஒரு பழி உண்டு. கிட்டத்தில் படம் கெடாமலிருக்க உள்ளே கண்ணாடித் தொகுதிகளை வெவ்வேறு அளவில் நகர்த்தும் ஏற்பாடு இருக்கிறது. அதற்காக மரை வேலை அதிகம், கிரீஸும் அதிகம். ஆண்டுகள் போனால் கிரீஸின் எண்ணெய் பிரிந்து ஒளி புகும் துளையைச் சுருக்கும் அப்பர்ச்சர் பிளேடுகளில் ஏறும், மிச்சம் காய்ந்து ரிங் இறுகும். பழைய லென்ஸ் வட்டாரத்தில் இது ஊரறிந்த செய்தி.

ஊரறிந்த செய்தி என்பதுதான் விற்பவருக்கு வசதி. இறுகிய லென்ஸ் என்றால் நாம் உஷாராகிவிடுவோம். லேசாகத் திரும்பினால், ‘ஆஹா, சர்வீஸ் ஆன பீஸ்’ என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

விற்பனைக் குழு ஒன்றில் விளம்பரம் பார்த்துப் பேசினேன். ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் சந்தித்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், மரியாதையான பேச்சு. “சர்வீஸ் பண்ணி ஒரு வாரந்தான் ஆகுதுங்க தம்பி. திருப்பிப் பாருங்க, வெண்ணெயாட்டம் போகும்” என்றார். போனது. ஒரே விரலால் தள்ளினால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. டார்ச் அடித்துப் பார்த்தேன், கண்ணாடியில் ஃபங்கஸ் (பூஞ்சை) இல்லை. டீ டம்ளர் விளிம்பில் ஃபோகஸ் வைத்து இரண்டு படம் எடுத்தேன், அருமை. காசைக் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. டீக்கும் நானே கொடுத்தேன், அது தனி வயிற்றெரிச்சல்.

முதல் வாரமே ஏதோ சரியில்லை என்று கைக்குத் தெரிந்தது. கேமராத் திரையின் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு ரிங்கைத் திருப்பினால், முதல் கால் மில்லிமீட்டர் எதுவும் நடக்காது, பிறகு படம் குதிக்கும். திசை மாற்றினால் மறுபடி ஒரு வெற்றாட்டம். கேமராவைக் கீழ்நோக்கி நிறுத்தி மோதிரம் எடுக்கும்போது இன்னும் மோசம். ஃபோகஸ் வைத்துவிட்டு விளக்கைச் சரிசெய்து திரும்பினால், கூர்மை கல்லை விட்டு இறங்கியிருக்கும். ஸ்டாண்டில்தான் ஆட்டம் என்று நினைத்து ஸ்டாண்டை மாற்றினேன். 2,200 ரூபாய் தண்டம்.

மூன்றாவது வாரம் ஃபிளாஷ் போட்டு அப்பர்ச்சரை எஃப்/11-க்குச் சுருக்கி ஒரு செட் வளையல். ஒரு படம் சரியாக இருக்கும், அடுத்தது வெளுத்துப்போகும். விளக்குதான் காரணம் என்று நினைத்தேன். கடைசியில் லென்ஸைக் கழற்றி, மிகச் சிறிய துளையான எஃப்/32-இல் வைத்து, பின்னால் இருக்கும் நெம்புகோலைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். பிளேடுகள் டக்கென்று மூடவேண்டும். இவை தூக்கக் கலக்கத்தில் கண் மூடுவது மாதிரி மூடின, அதனால்தான் அதிக ஒளி புகுந்து படம் வெளுத்தது. பிளேடு மேல் மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய்ப் படலம்.

அந்த வாரக் கடைசியில் மருதமலைக்குப் போனபோது லென்ஸையும் எடுத்துப்போனேன். படியோரம் நின்று ஊரைப் பார்த்து, ரிங் இடிக்கும் வரை இன்ஃபினிட்டிக்கு, அதாவது வெகுதூரத்துக்கு ஃபோகஸ் வைக்கும் முனைக்குத் திருப்பினேன். தூரத்துக் கட்டடம் எதுவும் தெளியவில்லை. நகைக்காரன் இன்ஃபினிட்டியை எங்கே பார்க்கப் போகிறான் என்று விற்றவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

ஃபோன் செய்தேன். “உங்க கேமரா மவுண்ட்டு தேஞ்சிருக்கும் தம்பி” என்றார். அதே கேமராவில் என் 50 எஃப்/1.8 இன்ஃபினிட்டியைக் கச்சிதமாகப் பிடிக்கிறதே என்றேன். “வித்தது வித்ததுதானுங்க.” அதோடு சரி, அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. குழுவை நடத்துபவரிடம் முறையிட்டேன். நேரில் பார்த்து வாங்கியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது.

ஈரோட்டில் ஒரு பழைய கேமரா மெக்கானிக் இருக்கிறார். எடுத்துப்போனேன். அவர் திறப்பதற்கு முன்பே திருகுகளை லூப் (உருப்பெருக்கி) வைத்துக் காட்டினார். தலையெல்லாம் சிராய்ப்பு. ஜப்பான் லென்ஸ்களின் திருகுகளுக்கு ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர முனைதான் பொருந்தும், நம் கடையில் கிடைக்கும் பிலிப்ஸ் ஸ்குரூடிரைவரைப் போட்டு அழுத்தினால் இப்படித்தான் ஆகும் என்றார். திறந்ததும் வாசனை வந்தது. எனக்கே அடையாளம் தெரிந்தது: தையல் மெஷின் எண்ணெய். பழைய கிரீஸை வழிக்காமல் அதன் மேலேயே எண்ணெய் விட்டிருக்கிறார்கள். காய்ந்த கிரீஸும் எண்ணெயும் உலோகத் தூளும் சேர்ந்து கண்மை மாதிரி ஒரு குழம்பு. அதுதான் வெண்ணெய்.

இன்ஃபினிட்டி போன காரணமும் அங்கேயே தெரிந்தது. ரிங்கைத் திருப்பும்போது கண்ணாடியை முன்பின் நகர்த்தும் ஹெலிகாய்டு மரைக்கு நுழைவாய் ஒன்றல்ல, பல. கழற்றும்போது எந்த வாயில் பிரிந்தது என்று குறித்துவைத்து, அதே வாயில் திரும்பப் பூட்டவேண்டும். வாய் மாறினாலும் பூட்டிக்கொள்ளும், ரிங்கும் ஜம்மென்று திரும்பும், தூரக் கணக்கு மட்டும் போய்விடும். பிரித்தவருக்கு அது தெரியவில்லை, அல்லது கவலையில்லை.

முழுதாகக் கழுவி, சரியான கிரீஸ் போட்டு, பிளேடுகளைத் துடைத்துப் பூட்ட 2,800 ரூபாய், பதினெட்டு நாள். அதற்குள் இரண்டு பட்டறை வேலை கைவிட்டுப் போனது. இப்போது ரிங் கனமாக, நிதானமாகத் திரும்புகிறது. கடையில் யாராவது எடுத்துப் பார்த்தால் ‘கொஞ்சம் டைட்டாக இருக்கே’ என்பார்கள்.

அன்று டீக்கடையில் நான் செய்யாமல் விட்டது ஐந்தே காரியம். ரிங்கை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் ஆட்டி வெற்றாட்டம் பார்த்திருக்கலாம். லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ரிங் தானாக நகர்கிறதா என்று பார்த்திருக்கலாம். நெம்புகோலைத் தட்டியிருக்கலாம். எதிரே இருந்த ரயில் நிலையத்துக் கடிகாரத்துக்கு ஃபோகஸ் வைத்திருக்கலாம், தெருவைத் தாண்டினால் போதும். திருகுத் தலையைப் பார்ப்பதற்குக் கழுத்தைக் குனிந்தாலே போதுமாக இருந்தது.

நேற்று அதே குழுவில் புது விளம்பரம். பெயர் வேறு, ஆனால் படத்தில் அதே நீல நிறத் தரை ஓடு, ஓரம் உடைந்த அதே ஓடு. நிக்கோர் 105 எஃப்/2.5, “ஜஸ்ட் சர்வீஸ்டு, பட்டர் ஸ்மூத்”, விலை 14,000. கேட்டுக் கூப்பிடுபவர்கள், திருகுகளை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் வேறு பெயரில் கேட்டுப் பார்த்தேன், இன்னும் அனுப்பவில்லை.